நாற்பது செம்பருத்திகள் தலைமறைவு

அத்தியாயம் 5

கான்டிராக்டர் வேலாயுதம் அழுவதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். ஆறடி உயரம், அதற்கேற்ற அகலம். அத்தனை உடம்பும் சேர்ந்து அழுதது. சந்திரகலா அக்கா வீட்டில் இருப்பது ஒரே ஒரு நல்ல நாற்காலி. அது தாங்குமா என்ற கவலையில் எனக்கு அவர் சொன்ன முதல் நான்கு வாக்கியங்கள் காதில் ஏறவில்லை.

"நாப்பது செடி, தங்கச்சி," என்றார் ஐந்தாவதாக. "ஒரு வரிசையே காணோம்."

சொல்லிக்கொண்டே ஒரு தடித்த காகிதத்தால் விசிறிக்கொண்டார். இந்தப் புத்தகத்தை நடுவில் திறந்தவர்களுக்காக இங்கேயே எங்களைச் சொல்லிவிடுகிறேன். நான் கௌஸ். பிரிக்பீல்ட்ஸில் துணிக்கடை வைத்திருக்கிறேன். கடை இருக்கிறது, துணிதான் இல்லை. ஜப்பான்காரர்கள் வந்த இரண்டாவது மாதமே கடைசிச் சீட்டித் துணியும் போய்விட்டது. வெறும் அலமாரிக்குக் காவல் இருப்பதைவிட அக்காவோடு அலைவது மேல் என்று துப்பறியும் உதவியாளன் ஆனேன்.

அக்கா பத்து வருடம் வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். சண்டை வந்ததும் வக்கீல் கப்பலேறினார். டைப்ரைட்டரை ராணுவம் எடுத்துக்கொண்டது. மிஞ்சியது அக்காவின் மூளை மட்டும்தான். அதை வைத்து இந்த வட்டாரத்தில் காணாமல் போன சைக்கிள், கோழி, மாப்பிள்ளை எல்லாவற்றையும் தேடிக் கொடுக்கிறார். மாப்பிள்ளைகளில் இரண்டு பேர் தேடிக் கொடுத்ததற்காக இன்னும் அக்காவோடு பேசுவதில்லை.

"போன மாசமும் இதே கதைதானே அண்ணே?" என்று கேட்டார் அக்கா.

"அதேதான். ரயில் குவார்ட்டர்ஸுக்குப் பின்னாடி அந்தப் பூங்கா. மூணு வரிசை செம்பருத்தி, வரிசைக்கு நாப்பது. ஒப்படைக்கிற நாள் காலையில போனா ரோட்டோர வரிசை இல்ல. கிள்ளான்ல இருந்து வேற நாப்பது கொண்டாந்து நட்டேன். இன்னைக்குப் பதினொரு மணிக்கு ஜப்பான் துரை, துவான் மொரிகாவா, வந்து ஏத்துக்கணும். காலையில பார்த்தா அதே வரிசை, மறுபடியும் இல்ல."

"கிள்ளான்ல இன்னொரு நாப்பது கிடைக்காதா?"

"கேட்டாச்சு. அந்த நர்சரிக்காரன் செம்பருத்தியெல்லாம் பிடுங்கிட்டு மரவள்ளி போட்டுட்டான்."

"எல்லாரும் அதைத்தான் திங்கிறோம்," என்றேன் நான். "அவன் பூவையா திம்பான்?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "இன்னைக்கும் ஒப்படைக்கலன்னா என்ன ஆகும் அண்ணே?"

விசிறி நின்றது. "கூட்டிட்டுப் போய் விசாரிப்பாங்களாம். சனிக்கிழமை பெரிய துவான் ஒருத்தர் பூங்காவைப் பார்க்க வராரு. மொரிகாவாவுக்கு அதுதான் பயம். அவரு பயந்தா நமக்கு என்ன ஆகும்னு தெரியும்ல? விசாரணைக்குப் போய்ட்டு முழுசா வந்தவங்களை நீ பார்த்திருக்கியா?"

விசாரணைக்குப் போய் வந்த ஒருவரைப் பார்த்திருந்தோம், முழுசாக அல்ல.

அக்கா எழுந்து செருப்பைத் தேடினார். "வாங்க போவோம். அண்ணே, அந்தக் காகிதம் என்ன?"

"இதுவா? கான்டிராக்ட்டோட ரெண்டாவது தாள். முதல் தாள் பத்திரமா வீட்ல இருக்கு. வேலை விவரம் எல்லாம் அதுலதான். இது சும்மா பின்னாடி வர்ற தாள்."

"விசிறுங்க. கிழிச்சிடாதீங்க," என்றார் அக்கா.

*

பூங்காவை நான் குறை சொல்ல மாட்டேன். சோறு கிடைக்காத ஊரில் புல் வளர்க்கிறார்களே என்று எல்லோரையும் போல நானும் கிண்டல் செய்திருக்கிறேன். ஆனால் வேலாயுதம் செய்தது நல்ல வேலை. சீராக வெட்டிய புல், செம்மண் நடைபாதை, நடுவில் ஒரு கல் பெஞ்சு, இரண்டு வரிசை செம்பருத்தி. மூன்றாவது வரிசை இருந்த இடத்தில் ரோட்டை ஒட்டி நாற்பது மண் வட்டங்கள்.

வாசலில் காத்திருந்த ராத்திரிக் காவல்காரர், ஜாகா கன்னையா, நாங்கள் கேட்பதற்கு முன்பே குற்றவாளியைச் சொல்லிவிட்டார். "ஆடு."

"பார்த்தீங்களா?" என்றார் அக்கா.

"பார்க்கல. ஆனா ஆடுதான்."

அக்கா முதல் வட்டத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். "கௌஸ், ஆடு செடியைத் தின்னா வேரோட திங்குமா?"

"பசி வந்தா திங்கும் அக்கா. காலம் அப்படி."

"தின்னுட்டுக் குழியை மூடுமா?"

"ரயில்வே குவார்ட்டர்ஸ் ஆடு. படிச்சிருக்கும்."

"மூடிட்டுத் தண்ணி ஊத்துமா?"

தொட்டுப் பார்த்தேன், மண் ஈரம். ராத்திரி மழை இல்லை. செடியைத் தூக்கிக்கொண்டு போகிறவன், வெறும் குழிக்கு எதற்காகத் தண்ணீர் ஊற்ற வேண்டும்? மண் அமுங்கட்டும், புல் காயாமல் இருக்கட்டும் என்று நினைக்கிறவன்தான் ஊற்றுவான். திருடனுக்கு அந்த அக்கறை எதற்கு?

அக்கா வரிசையோடு மெதுவாக நடந்தார். பாதி தூரம் போனதும் என்னைக் கூப்பிட்டார். "எல்லாத்தையும் ஒரு தடவை பார்த்துட்டு வா."

பார்த்தேன். ஒரு குழி தட்டையாக மிதித்து மூடப்பட்டிருந்தது. அடுத்தது குவியலாக. அதற்கடுத்ததில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. இன்னொன்றை யாரோ வீட்டு வாசல் மெழுகுவது போல வழித்து விட்டிருந்தார்கள். ஒன்றில் குதிகால் அடையாளம், சின்னக் கால்.

"ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல," என்றேன்.

"ஆபீஸ்ல நாலு பேர் டைப் அடிச்ச தாளைக் கலந்து வச்சா, யாரு அடிச்சதுன்னு அழுத்தத்துலேயே சொல்லிடுவேன். ஒரே ஆள் நாப்பது குழி மூடினா நாப்பதும் ஒரே மாதிரி இருக்கும். இங்க குழிக்கு ஒரு ஆள்."

"நாப்பது திருடனா?"

"செடிக்கு ஒருத்தர். வண்டித் தடமும் இல்ல, லோரித் தடமும் இல்ல. தலையில தூக்கிட்டுப் போயிருக்காங்க." அக்கா கன்னையாவிடம் திரும்பினார். "அண்ணே, ராத்திரி நீங்க எத்தனை மணிக்குக் கிளம்புனீங்க?"

கன்னையா நெஞ்சை நிமிர்த்தினார். "கண்ணு மூடல. ஆறு மணிக்கு விசில் ஊதிட்டுத்தான் போனேன்."

"எந்த ஆறு மணி?"

"சட்டப்படி ஆறு. தோக்கியோ ஆறு."

ஜப்பான்காரர்கள் வந்ததும் ஊர்க் கடிகாரங்களை எல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் ஊரில் என்ன நேரமோ அதுதான் நமக்கும். கன்னையாவின் ஆறு மணி, பழைய கணக்கில் விடிகாலை நாலரை. கும்மிருட்டு.

"வேலைக்காரங்க எப்ப வராங்க?"

"லயத்துல யாரு கிட்ட கடிகாரம் இருக்கு? சேவல் கூவி, விடிஞ்சா வருவாங்க."

"சேவலுக்கு யாரும் தோக்கியோ நேரம் சொல்லிக் கொடுக்கல போல," என்றேன்.

அக்கா சிரித்தார். அவரைச் சிரிக்க வைத்தால் அன்றைக்கு எனக்குச் சம்பளம் கிடைத்த மாதிரி. "கன்னையாண்ணே தோக்கியோவுக்கு வேலை செய்றாரு. வேலைக்காரங்க சேவலுக்கு வேலை செய்றாங்க. நடுவுல ஒன்றரை மணி நேரம் இந்தப் பூங்கா யாருக்கும் சொந்தமில்ல. அது தெரிஞ்சவங்க யாரு?"

வேலாயுதம் விசிறுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "நான். கன்னையா. அப்புறம்..."

நாங்கள் மூவரும் திரும்பிப் பார்த்தோம். மழைமரத்தடியில் அவருடைய வேலையாட்கள் உட்கார்ந்திருந்தார்கள், பாதிக்கு மேல் பெண்கள். நான் எண்ணினேன். எண்ணி முடிக்கும் முன்பே எனக்கு விடை தெரிந்துவிட்டது.

*

ஒரு வேலை முடிகிற நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். வெற்றிலை ஓடும், கிண்டல் ஓடும், யாராவது அடுத்த வேலை எங்கே என்று கேட்பார்கள். இங்கே நாற்பது பேரும் இழவு வீட்டுக்கு வந்தவர்கள் போல உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இருந்தவள் மாரியாயி, பெண்கள் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. முப்பது வயதிருக்கும். முழங்கால் வரை மண் காய்ந்திருந்தது.

"இன்னைக்கு வேலை முடிஞ்சிடும்ல?" என்று அக்கா சாதாரணமாகக் கேட்டார்.

"முடியும்னு சொல்றாங்க," என்றாள் மாரியாயி.

"செடியைத்தான் காணோமே."

"ஆடு தின்னிருக்கும்."

சொல்லும்போது அவள் எங்களைப் பார்க்கவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, பார்த்ததற்காகவே தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பக்கம் வேலையாட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகள். வீடுகளுக்கு முன்னால், அரசாங்க உத்தரவுப்படி, ஒரு சாண் இடம் விடாமல் மரவள்ளி.

அக்கா ரோட்டைத் தாண்டினார். நான் பின்னால் போனேன். மரவள்ளி என் தலைக்கு மேல் வளர்ந்திருந்தது. கைவிரல் விரித்த மாதிரி இலைகள், எல்லாம் பச்சை. அக்கா ஓரமாக நின்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கௌஸ், மரவள்ளி என்ன நிறத்துல பூக்கும்?"

"நான் துணிக்காரன் அக்கா. சீட்டியில இருக்கிற பூதான் எனக்குத் தெரியும்."

"சிவப்பா பூக்குமா?"

அவர் காட்டிய இடத்தில், இரண்டு மரவள்ளித் தண்டுகளுக்கு நடுவே, இடுப்பு உயரத்தில் ஒரே ஒரு சிவப்பு. இலைகளை விலக்கிக்கொண்டு உள்ளே போனோம். மரவள்ளி வரிசைகளுக்கு இடையில் இன்னொரு வரிசை, அதற்குப் பின்னால் இன்னொன்று. போன மாதம் போன நாற்பதும் வேரூன்றி நன்றாகவே இருந்தன. மொட்டுகளைக் கிள்ளி வைத்திருந்தார்கள். ஒரு மொட்டு மட்டும் யார் கண்ணுக்கும் படாமல் தப்பிப் பூத்துவிட்டது. இன்று காலை வந்த நாற்பதும் இலைகளைக் குறைத்து வெறும் குச்சிகளாக நடப்பட்டிருந்தன. இடம் மாற்றுகிற செடிக்கு அப்படித்தான் செய்வார்கள் என்று அக்கா சொன்னார். எல்லாவற்றுக்கும் தண்ணீர் ஊற்றியிருந்தது.

"திருடினதை இவ்வளவு நல்லா வளர்க்கிற திருடனை நான் பார்த்ததில்ல," என்றேன்.

"திருடல," என்றது பின்னால் ஒரு குரல்.

மாரியாயி நின்றுகொண்டிருந்தாள், கையில் மண்வெட்டி. ஆபத்தான நேரத்தில் தலைவர் முன்னால் நிற்க வேண்டும் என்பது என் கொள்கை. ஆகவே அக்காவுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"தெரியும்," என்றார் அக்கா. "திருடியிருந்தா வித்திருப்பீங்க. எதுக்காக ஒளிச்சு வச்சீங்க?"

மாரியாயி மண்வெட்டியைக் கீழே ஊன்றினாள். "இந்த வேலை முடியக்கூடாதுக்கா."

அவ்வளவுதான் சொன்னாள். மற்றதை அக்கா காத்திருந்து வாங்கினார்.

"போன வருசக் கடைசியில டெங்கில் பக்கம் ரோட்டு வேலை. அது வேற கான்டிராக்டர். எங்க வீட்டுக்காரர் அங்க இருந்தாரு. வேலை முடிஞ்சு ரோட்டை ஒப்படைச்சாங்க. மறுநாளே லோரி வந்துச்சு. ஒருத்தன் தாளை வச்சு பேரு வாசிச்சான். பேரு வந்தவங்க எல்லாரும் ஏறணும். சயாமுக்கு, ரயில் பாதை போட. மூணு மாசத்துல வந்துடலாம்னான்." மண்வெட்டிப் பிடியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினாள். "ஏழு மாசம் ஆச்சு."

"பேரெல்லாம் அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"வேலை முடிஞ்சா கான்டிராக்டர் எழுதிக் கொடுக்கணுமாம். இன்னின்ன ஆளுக்கு இனி வேலை இல்லன்னு. வேலை இருக்கிற வரைக்கும் கையில அட்டை இருக்கும், தொட மாட்டாங்க. முடிஞ்சா அட்டையைப் பிடுங்கிக்குவாங்க. வர்ற வியாழக்கிழமை பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து ரயில் போகுது. இன்னைக்குத் துவான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு எங்க நாப்பது பேரும் அந்தத் தாள்ல."

இந்த ஊரில் அந்த ரயிலில் போய்த் திரும்பி வந்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. போனவர்களில் பதினோரு பேரைத் தெரியும், என் கடையில் வேட்டி வாங்கியவர்கள்.

வேலாயுதம் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்திருந்தார். கடைசிப் பாதியைக் கேட்டுவிட்டார். அவர் கை தானாகவே சட்டைப் பையைத் தொட்டது. அக்கா கையை நீட்டினார். மடித்த தாள் ஒன்றை அவர் எடுத்துக் கொடுத்தார். அவருடைய சொந்தக் கையெழுத்தில் நாற்பது பெயர்கள்.

"இது வெறும் ஃபாரம்லா," என்றார். "எல்லாக் கான்டிராக்டரும் எழுதுறதுதான். எனக்குத் தெரியாது தங்கச்சி. சத்தியமா எனக்குத் தெரியாது."

மாரியாயி அவரைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூட அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

நிலைமை இதுதான். செடி திரும்பி வராவிட்டால் வேலாயுதத்தைக் கூட்டிக்கொண்டு போவார்கள். திரும்பி வந்தால் நாற்பது பேரையும் ரயிலில் ஏற்றுவார்கள். பூங்கா முடிந்தும் இருக்க வேண்டும், முடியாமலும் இருக்க வேண்டும். தோக்கியோ கணக்கில் மணி பத்தடிக்கப் போகிறது.

"அக்கா, இது துப்பறியற வேலை இல்ல," என்றேன். "இதுக்கு வக்கீல்தான் வேணும். அவரு கப்பல்ல போய்ட்டாரு."

"அவரு போனா என்ன? டைப் அடிச்சது யாரு?" அக்கா வேலாயுதத்திடம் திரும்பினார். "அண்ணே, விசிறியைக் குடுங்க."

*

அது ஒரு பழைய அச்சுப் படிவம், வெள்ளைக்காரன் காலத்தது. புது அரசாங்கம் புதிதாக எழுத நேரமில்லாமல் பழையதன் மேலேயே முத்திரை குத்திக்கொண்டிருந்தது. வேலாயுதத்தின் வியர்வையில் பாதி எழுத்து கலங்கியிருந்தாலும், அடியில் மொரிகாவாவின் சிவப்பு முத்திரை பளிச்சென்று தெரிந்தது. அக்கா தாளைப் படிக்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"பதினாலாவது நிபந்தனை. செடி, புல், மரம் நடும் வேலையாக இருந்தால், ஏற்ற நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் ஒப்பந்தக்காரர் அதைப் பராமரிக்க வேண்டும். பட்டுப்போன செடிக்கு மாற்றுச் செடி வைக்க வேண்டும். நட்ட ஆட்களையே வைத்துப் பார்க்க வேண்டும், அதுவரை அவர்களை விடுவிக்கக் கூடாது." கண்ணைத் திறந்தார். "இதை நானூறு தடவை அடிச்சிருக்கேன். ஒரு தடவைகூட யாரும் படிச்சுப் பார்த்ததில்ல. புது ஆளுங்க செடியைக் கொன்னுடுறாங்கன்னு எவனோ ஒரு வெள்ளைக்காரன் கடுப்புல எழுதினது."

"அப்படின்னா?" என்றாள் மாரியாயி.

"அப்படின்னா துவான் இன்னைக்குப் பூங்காவை ஏத்துக்கலாம். நீங்க இன்னும் ஒரு வருசத்துக்கு வேலையில இருக்கலாம். ஆனா அதுக்கு முதல்ல செடி அங்க இருக்கணும்."

மாரியாயி ஒரு நொடி அக்காவின் முகத்தைப் பார்த்தாள். நம்பலாமா என்று அளக்கிற பார்வை. பிறகு ரோட்டைப் பார்த்து ஒரே ஒரு குரல் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எப்படி வர்ணிப்பது? மழைமரத்தடியில் பிணம் மாதிரி உட்கார்ந்திருந்தவர்கள் ஓடி வந்தார்கள். இன்னும் வேர் பிடிக்காத புதுச் செடிகளில் ஆளுக்கு ஒன்று, வேர் மண் உதிராமல் சாக்கில் சுற்றி, தலையில் வைத்து ரோட்டைத் தாண்டினார்கள். கன்னையா அதைப் பார்த்துவிட்டு விசில் ஊதலாமா வேண்டாமா என்று வாயில் வைத்தபடியே நின்றார். மாரியாயியை அக்கா பக்கத்தில் நிறுத்திப் பெயர்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்ததால், அவள் செடியை நான் எடுத்தேன். வெறும் குச்சி. குழி தோண்டி நட்டு, வழித்து மூடி, மண்ணெண்ணெய் டின்னில் தண்ணீர் ஊற்றினேன். என் வாழ்நாளில் நான் நட்ட முதல் செடி. பெருமையாகத்தான் இருந்தது.

பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கார் வந்தது. நாங்கள் எல்லோரும் இடுப்பு வரை குனிந்தோம்.

*

மொரிகாவா குள்ளமான மனிதர், பொறியாளர். கையில் ஒரு மூங்கில் அளவுகோல். கூட வந்தவர் கார்த்திகேசு, டவுன் ஆபீசில் குமாஸ்தா. யாழ்ப்பாணத்துக்காரர். மூன்று மாதத்தில் நிப்போங்கோ, அதாவது ஜப்பான் மொழி, படித்து மொழிபெயர்ப்பாளர் ஆனவர். ஆனதிலிருந்து ஐந்து கிலோ இளைத்திருந்தார்.

மொரிகாவா புல்லை அளந்தார், பாதையை அளந்தார், பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். முதல் இரண்டு வரிசைகளையும் எண்ணினார். மூன்றாவது வரிசைக்கு வந்ததும் நின்றார். நாற்பது குச்சிகள், மிச்சமிருந்த இலைகளும் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரே நாளில் இரண்டு தடவை பிடுங்கினால் எந்தச் செடிக்கும் தலை தொங்கத்தான் செய்யும்.

அவர் ஏதோ சுருக்கமாகச் சொன்னார். கார்த்திகேசுவின் முகம் வெளுத்தது.

"எல்லாம் சாகப் போகுது, இதை ஏற்க ஏலாது எண்டு சொல்லுறார்."

அக்கா கார்த்திகேசுவின் பக்கத்தில் போய் மெல்ல இரண்டாவது தாளை நீட்டினார்.

"இதை வாசிச்சுச் சொல்லுங்க."

"பிள்ளை, உமக்கு விசரே? நான் இதைச் சொன்னால் அறை எனக்குத்தான் விழும். மொழிபெயர்க்கிறவனுக்குத்தான் எப்பவும் முதல் அடி."

"நீங்க உங்க சொந்தமா ஒண்ணும் சொல்ல வேணாம். அவரு முத்திரைக்கு மேல இருக்கிறதை வாசிச்சா போதும். அதோட ஒண்ணு, சனிக்கிழமை பெரிய துவான் வராரு. பூங்கா இன்னும் முடியலன்னு யாரு சொல்லணும்? இவருதானே சொல்லணும்?"

கார்த்திகேசு முத்திரையைப் பார்த்தார். தன் பைக்குள் இருந்த ஆபீஸ் கோப்பைத் திறந்து அதிலும் பார்த்தார். அங்கேயும் அதே தாள், அதே சிவப்பு. தாளைத் தூக்கிப் பிடித்து நிப்போங்கோவில் வாசித்தார். வாசிக்க வாசிக்க மொரிகாவாவின் புருவம் மேலே போனது. கோப்பை வாங்கித் தன் முத்திரையைத் தானே நெடுநேரம் பார்த்தார். படிக்காமல் குத்தியிருக்கிறார் என்று முகத்திலேயே எழுதியிருந்தது. அதை அவர் சொல்ல முடியாது, நாங்கள் சொல்லவே முடியாது.

கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"செத்த செடிக்கு மாற்று எங்க இருந்து வரும் எண்டு கேக்கிறார்," என்றார் கார்த்திகேசு.

"நாப்பது செடி தயாரா வச்சிருக்கோம்," என்றார் அக்கா, கண்ணே சிமிட்டாமல். "வேர் பிடிச்சது. இங்கேயே, ரோட்டுக்கு அந்தப் பக்கம்."

மொரிகாவா தலையை அசைத்தார். எனக்கு மூச்சு வந்தது. அவர் வரிசையோடு நடந்து கடைசிச் செடிக்கு வந்தார், நான் நட்ட செடி. குனிந்தார். குச்சியின் உச்சியில் வெயிலுக்கு ஒரு சின்னத் துளிர் விரிந்திருந்தது, விரித்த கைவிரல் மாதிரி.

பக்கத்தில் பக்கத்தில் நட்டிருந்த செம்பருத்திக் குச்சி, புது மரவள்ளிக் குச்சி இரண்டில் எதைப் பிடுங்கினேன் என்று அந்த நொடியில்தான் எனக்குப் புரிந்தது. மூன்று வேளையும் அதைத்தான் தின்கிறேன். குச்சியாகப் பார்த்தால் அடையாளம் தெரியவில்லை.

"இது என்ன பூச்செடி எண்டு கேக்கிறார்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை மாதத்தில் அவர் என் உதவியை எதிர்பார்த்தது அந்த ஒரு தடவைதான். நான் முன்னால் போய், குனிந்து, நிமிர்ந்தேன்.

"மரவள்ளின்னு சொல்லுங்க. எல்லா இடத்துலயும் உணவுப் பயிர் போடணும்னு நோட்டீஸ் ஒட்டியிருக்காங்கல்ல? மூணு வரிசை கண்ணுக்கு, ஒரு செடி வயித்துக்கு. பூங்காவுக்கு வர்றவங்க பார்த்துக் கத்துக்கட்டும்னு வச்சோம்."

கார்த்திகேசு எதையெல்லாம் சேர்த்து, எதையெல்லாம் விட்டுச் சொன்னாரோ, எனக்குத் தெரியாது. மொரிகாவா துளிரை மூங்கிலால் மெல்லத் தொட்டார். மறுபடி ஒரு கேள்வி.

"கிழங்கு எடுக்க எவ்வளவு காலம் எண்டு கேக்கிறார்."

எனக்கு எங்கே தெரியும்? மாரியாயிதான் பதில் சொன்னாள்.

"பன்னெண்டு மாசம்."

மொரிகாவா மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினார். அது சிரிப்பு என்று கார்த்திகேசு பிறகு சொன்னார். பெஞ்சில் கோப்பை வைத்து ஏற்புச் சான்றில் முத்திரை குத்தினார். விடுவிக்கப்படும் ஆட்கள் என்ற இடத்தில் ஒரு நீண்ட கோடு இழுத்தார். பராமரிப்பு ஆட்கள் என்ற இடத்தில் நாற்பது என்று எழுதினார். கிழங்கு எடுக்கிற அன்றைக்கு வருவாராம், அவருக்கு இரண்டு ஒதுக்கி வைக்க வேண்டுமாம்.

கார் போன பிறகும் நாங்கள் குனிந்தே நின்றோம். முதலில் நிமிர்ந்தது வேலாயுதம். அக்காவிடமிருந்து அந்தப் பெயர்த் தாளைத் திரும்ப வாங்கினார். கிழிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"கிழிக்காதீங்க அண்ணே," என்றார் அக்கா. "வேலை முடிஞ்சவங்கங்கிற தலைப்பை மட்டும் கோடு போட்டு அடிச்சிடுங்க. தினமும் வேலைக்குப் பேரு வாசிக்கத் தாள் வேணும்ல."

*

போன மாதம் செடி காணாமல் போனதற்கு டவுன் ஆபீசுக்கு ஒரு அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. அக்கா சொல்ல நான் எழுதினேன். குற்றவாளி என்ற இடத்தில் "ஆடு" என்று போடச் சொன்னார். தண்ணீர் ஊற்றுகிற ஆடு என்று எழுதட்டுமா என்று கேட்டேன். பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். கன்னையா மட்டும் இன்றுவரை பார்க்கிறவர்களிடமெல்லாம், நான்தான் முதல்லயே சொன்னேனே என்கிறார்.

வியாழக்கிழமை காலை நானும் அக்காவும் பூங்காவுக்குப் போனோம். ஒன்றும் வேலை இல்லை, சும்மா. சேவல் நேரத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். மரவள்ளிக்கு யாரோ முதலிலேயே தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். வேலாயுதம் பெஞ்சின் மேல் ஏறி நின்று பெயர் வாசிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு "இருக்கேன்" வந்தது.

இருபதாவது பெயரில் ஸ்டேஷன் பக்கமிருந்து ஊதல் கேட்டது. வேலாயுதம் வாசிப்பதை நிறுத்தினார். டின்கள் அப்படியே கையில் நின்றன. ரயில் மெதுவாகக் கிளம்பி, குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், வடக்கே போகிற சத்தம் வெகு நேரம் கேட்டது. அதில் யார் யார் இருந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. நான் அழுதேன், அதை மறைக்கவில்லை.

சத்தம் முழுவதும் அடங்கிய பிறகு வேலாயுதம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது. கடைசிப் பெயருக்கு வந்தார்.

"மாரியாயி."

அவள் தண்டவாளம் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை, காத்திருந்தார்.

"இருக்கேன்," என்றாள்.